இறங்கி நடக்கவும்

செட்டிபாளையத்திலிருந்து மட்டக்களப்பு டவுனுக்குப் போகிற தெருவில் அந்த நாட்களில் ஆமிக்காரர் காவல் நிற்கிற ஐந்து சென்றிகள் இருந்தன. சைக்கிளில் வருகிறவன் ஐந்திலும் இறங்க வேண்டும். தெருவின் குறுக்கே தார்ப் பீப்பாய்களும் மணல் மூடைகளும் கிடக்கும். முதல் பீப்பாய்க்குக் கொஞ்சம் முன்னால் ஒரு தகரப் பலகை: "இறங்கி நடக்கவும்." இறங்கி, சைக்கிளை இடது கையால் உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையை வலது கையில் தெரியும்படி பிடித்து நடந்து, கடைசிப் பீப்பாய் முதுகுக்குப் பின்னால் போன பிறகுதான் மறுபடி ஏறலாம். மழையென்றாலும் அப்படித்தான், காய்ச்சலென்றாலும் அப்படித்தான்.

மீன் பெட்டி கட்டினவனுக்கு இது பெரிய தொல்லை. மீன் வெயிலுக்குப் பொறுக்காது. யோகராசா பதினைந்து வயதிலிருந்தே கரையில் சூடை மீனும் கீரி மீனும் வாங்கி, ஐஸ் போட்டு, டவுனுக்குக் கொண்டு ஓடினவன். நடையில் போன நேரத்தை, ஒரு சென்றிக்கும் அடுத்த சென்றிக்கும் நடுவில் கிடக்கிற தெருவில் பிடித்தாக வேண்டும். ஏறின உடனே எழும்பி நின்று மிதிப்பான். பெட்டிப் பாரம் பின்னால் இழுக்கும். அடுத்த பலகை தெரிகிற மட்டும் மிதி. பிறகு இறக்கம், நடை, மறுபடி மிதி. போக வர ஒரு நாளைக்குப் பத்துத் தரம். நாலைந்து வருஷத்தில் அவனுடைய தொடை இரண்டும் பாலை மரக் குற்றி போல ஆகிவிட்டன.

அதை முதலில் கண்டுபிடித்தவர் காத்தான்குடியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹமீட். உடைந்த சைக்கிள்கள் மூன்றைப் பிரித்து, பாரமில்லாத ஓட்டச் சைக்கிள் ஒன்றை அவனுக்கென்று பூட்டிக் கொடுத்தார். "பிறேம் ஒரு வீட்டுப் பிள்ளை, ஹாண்டில் இன்னொரு வீட்டுப் பிள்ளை. செயின் மட்டும் புத்தம் புதுசு, என்ட சொந்தப் பிள்ளை" என்று கடைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்லுவார். அந்தச் சைக்கிளில் யோகராசா சித்திரை வருஷப் பிறப்புச் சைக்கிள் ஓட்டத்தில் முதலாவதாக வந்தான். பிறகு மாவட்டத்தில், பிறகு மாகாணத்தில். தொண்ணூற்றாறில் தேசியக் குழாமில் அவனுடைய பெயர் வந்தபோது, அக்கா அன்னப்பூரணி அந்தக் கடிதத்தைக் கண்ணகி அம்மன் கோயில் படியில் ஒரு பகல் முழுக்க வைத்துவிட்டு எடுத்து வந்தாள். காற்றுக்குப் பறக்காமல் மேலே ஒரு தேங்காயை வைத்திருந்தாள்.

அந்த ஒக்டோபர் கடைசியில் கொழும்புப் பக்கத்தில் ஒரு தெரிவோட்டம் நடந்தது. வெளிநாட்டுப் போட்டிக்கு நான்கு பேரை எடுக்கிற ஓட்டம். இன்னும் ஆறு மைல் இருக்க, யோகராசா தனியே முன்னால் போய்க்கொண்டிருந்தான். ஒரு பாலத்தின் தொடக்கத்தில், ஓட்டத்துக்குக் காவலாக ஒரு சிப்பாய் துவக்கைத் தோளில் தொங்கவிட்டபடி நின்றான்.

யோகராசா இறங்கினான். சைக்கிளை இடது கையால் உருட்டினான். பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகியிருந்த அடையாள அட்டையை எடுத்து வலது கையில் பிடித்தான். பாலத்தின் மறு தொங்கல் வரை நடந்தான். சிப்பாய்க்கு ஒன்றும் விளங்கவில்லை. "யன்ன, யன்ன" என்று சிரித்தபடி, போகச் சொல்லிக் கையை ஆட்டினான். அதற்குள் பதினாலு பேர் கடந்துவிட்டார்கள்.

அங்கே நின்ற ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை. ஊரில் எல்லாருக்கும் விளங்கியது. அதுதான் இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

*

பஸ்ஸின் மேல்தட்டில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கியவன், அதைக் குசினிக் கூரை வளையில் தூக்கிக் கொழுவினான். மீன் யாவாரத்தையும் விட்டான். தாய் செத்த பிறகு அவன் அக்கா வீட்டில்தான் இருந்தான். அந்த வீடு தாய் வழியாக அன்னப்பூரணிக்கு வந்தது. அவளுடைய புருஷன் நல்லரத்தினம் கலியாணம் செய்து வந்த நாளிலிருந்து அங்கேயிருந்துதான் வாவிக்கு வலை வீசப் போய் வந்தான். பேச்சுக் குறைவான ஆள். மச்சான்காரன் இப்படிக் கிடப்பதைப் பார்த்தவன், பிடித்த மீனில் நல்ல மணலையாகப் பொறுக்கி முன்னால் வைத்தான், அவ்வளவுதான்.

மாரி தொடங்கியிருந்தது. கூரை ஓலையில் நாள் முழுக்கச் சத்தம். அன்னப்பூரணி விடியப் பிட்டு அவிப்பாள், இறால் போட்டு முருங்கையிலை சுண்டுவாள், தேங்காய்ப்பூவை மேலே தூவிக் கோப்பையைக் கொண்டுபோய் வைப்பாள். பகல் எடுக்கப் போனால் பிட்டு அப்படியே கல்லாகக் கிடக்கும்.

"ராசன், ரெண்டு வாய் தின்னன்டா."

"பசிக்கல்ல அக்கே."

"பசிக்காட்டிலும் தின்னத்தானே வேணும்."

"ஓட்டக்காரனுக்குத்தான் சோறு வேணும். படுத்துக் கிடக்கிறவனுக்கு எதுக்கு?"

பக்கத்து வளவு ஆச்சிப்பிள்ளை வேலிக்கு மேலால் தலையை நீட்டிக் கதைக்கிறவள். வட்டை வயலில் களை பிடுங்குகிற பெண்களுக்கு அவள்தான் தலைவி. வாய்க்கும் அவள்தான் தலைவி. "கண்ணூறுகா இது. ஊருக் கண் முழுக்க அவன்ட காலிலதானே நிண்டது" என்று சொல்லி, பார்வை பார்க்கிற ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் வேப்பங்குழையால் யோகராசாவின் முழங்காலில் ஏழு தரம் தடவினார். யோகராசா மரியாதைக்கு இருந்துவிட்டு, அவர் போனதும் மறுபடி சுவர்ப் பக்கம் கிறுகிப் படுத்தான்.

சந்தித் தேத்தண்ணிக் கடையில் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'இறங்கி'. ஒரு நாள் அக்காவின் தொல்லை தாங்காமல் சீனி வாங்கப் போனவனைக் கடைவாசலில் ஒருவன் கேட்டான்: "என்னடா மச்சான், கொழும்பிலயும் நம்மட தெருவுச் சென்றியத்தான் போட்டிருக்காங்களா?" எல்லாரும் சிரித்தார்கள். கேட்டவனும் அன்று காலை மூன்று இடத்தில் இறங்கி நடந்து வந்தவன்தான். யோகராசாவும் சிரித்தான். வீட்டுக்கு வந்து சீனியை வைத்தவன், அதற்குப் பிறகு சந்திப் பக்கம் போகவில்லை.

அன்னப்பூரணி எதையும் ஒழுங்காகச் செய்து, செய்த பிறகு சரியோ பிழையோ என்று தன்னையே பிடுங்குகிறவள். உப்புப் போட்டோமா என்று மூன்று தரம் சட்டியைத் திறப்பாள். தம்பி படுத்த நாளிலிருந்து அவள் ஒரு விஷயத்தை நெஞ்சுக்குள் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

*

நவம்பர் முடிகிற நேரம், ஒரு பகல் பஸ்ஸில் ஹமீட் வந்து இறங்கினார். சாரனை மடித்துக் கட்டி, சேறு படாமல் கல்லுக்குக் கல் பாய்ந்து முற்றத்துக்கு வந்தார். கையில் ஒரு கடிதம். கொழும்பில் குழாமைப் பயிற்றுகிற விமலரத்ன மாஸ்டர், சிங்களத்தில், கடை விலாசத்துக்கு எழுதியது.

"பூரணி, கொஞ்சம் தேத்தண்ணி போடு புள்ள. இத வாசிக்க எனக்குத் தொண்டை காயுது. எங்க அவன்? டேய் மனே, எழும்பி இஞ்சால வா. நீ வராட்டி நான் உள்ள வந்து வாசிப்பன்."

யோகராசா வந்து வாசற்படியில் குந்தினான். ஹமீட் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"தை மாசம் பதினெட்டாந் திகதி இன்னொரு ஓட்டம் வைக்கிறாங்களாம். ஒரு ஆளுக்கு இடம் மிச்சம் இரிக்காம். உன்ன வரட்டாம். மறுகா எழுதியிருக்கார்... நீ இறங்கினதுக்குக் காரணம்..." ஹமீட்டின் முகம் சிவந்தது. "செயின் கழண்டதெண்டு மேல சொல்லி வெச்சிருக்காராம்! என்ட செயின்! நான் என்ட கையால பூட்டின செயின் கழண்டதாம்!"

"அவர் நல்லதுக்குத்தானே காக்கா சொல்லியிருக்கார்" என்றாள் அன்னப்பூரணி. ஹமீட் அவர்களுக்குக் காக்கா, அண்ணன் முறை.

"நல்லதுக்குச் சொல்றதெண்டா டயர் போனதெண்டு சொல்லலாமே. டயர் ஆருக்கும் போகும். செயினச் சொல்லியிருக்கார் பாரு!"

யோகராசாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து நின்றது. பிறகு அதுவும் போய்விட்டது.

"செயின் கழரல்ல காக்கா" என்றான். "பொய் சொல்லிப் போக எனக்கு ஏலா. போனாலும் இன்னொரு பாலத்தில இன்னொருத்தன் நிப்பான். நான் மறுபடி இறங்குவன்."

"ஏன்டா இறங்கணும்? அவன் உன்னச் சுடவா நிண்டான்?"

"சுடமாட்டான் எண்டு தெரியும். அது ஓட்டம் எண்டும் தெரியும். பின்னால ஆக்கள் வாறதும் தெரியும். எல்லாம் தெரிஞ்சுகொண்டிருக்கக்குள்ளயே கால் கீழ இருக்கு. நான் இறங்கல்ல காக்கா. கால் இறங்கிட்டுது. ஒரு பூட்டுத் திறக்கிற மாதிரி, டக்கெண்டு."

"அப்ப அந்தக் கால இறங்காமப் பழக்குவம். பழக்கினா வராததா?"

"பழக்கலாம்" என்றான் யோகராசா. ஒரு மாதமாக அவன் இவ்வளவு பேசினதில்லை. "பழக்கிப் போட்டு, அடுத்த நாள் மீன் பெட்டியோட நான் டவுனுக்குப் போகணும். அங்க இறங்காத கால் இஞ்சயும் இறங்காட்டி? அக்காவ ஆரு பாக்கிற? நித்திரையில்லாம இதத்தான் காக்கா யோசிக்கிறன். இறங்கினா அங்க தோத்துப் போவன். இறங்காட்டி இஞ்ச செத்துப் போவன். இருக்கிறது ரெண்டு கால்தானே. அதுக்கொண்டு இதுக்கொண்டு எண்டு பிரிக்க ஏலுமா?"

ஹமீட் தேத்தண்ணிக் கிளாசைப் படியில் வைத்தார். மழை கொஞ்சம் குறைந்து மறுபடி பிடித்தது.

"நான்தான்" என்றாள் அன்னப்பூரணி.

"என்னகா நீதான்?" என்றார் ஹமீட்.

"நான்தான் பழக்கினன். தொண்ணூறு முடிஞ்ச கையோட, கிழக்கு வளவுப் பொடியன் காத்துக்கு எதிரா மழைக்குள்ள வந்து பலகையக் காணாம, இறங்காமப் போய்ச் சுடுபட்டானே... அவன்ட சைக்கிள மட்டுந்தானே உருட்டிக்கொண்டு வந்தாங்க. அண்டைக்கே இவன முற்றத்தில நிப்பாட்டினன். சாம்பலால கோடு கீறி, விளக்குமாறோட நிண்டு, 'இறங்கு' எண்டு கத்துவன். இறங்குவான். சுணங்கினா விளக்குமாத்தால காலில ஒண்டு. ஒரு மாசம். சத்தம் கேக்க முந்தி, என்னக் கண்ட உடனே கால் தன்பாட்டில இறங்கிற மட்டும் விடல்ல." அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "சரியாத்தான் பழக்கினன் எண்டு இவ்வளவு நாளும் பெருமையா இருந்தன்."

யோகராசா அவளைப் பார்த்தான். "நீ பழக்கினதாலதான்கா இருக்கிறன்" என்றான்.

*

விளக்குமாறோடு நின்றவளே மறுபடி நின்றால் என்ன என்ற யோசனை அவளுக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. அதையும் பத்துத் தரம் பிடுங்கிப் பார்த்தாள். நல்லரத்தினத்திடம் கேட்டாள். "செய்து பாரன்" என்றான் அவன், வலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஊரிலிருந்து வட்டைக்குள்ளால் வாவித் துறைக்கு ஒரு கிறவல் பாதை போகிறது. இரண்டு பக்கமும் மாரிப் பயிர், பச்சையாக முழங்கால் உயரம். பாதையின் முடிவில், படகுத் துறையடியில், ஒரு சின்னச் சென்றி. அதற்கு அரை மைல் முன்னால், வாய்க்கால் மதகடியில், அன்னப்பூரணி உலக்கையைத் துவக்குப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் கடந்து ஐம்பது யார் தூரம் போய்த் திரும்பி வர வேண்டும், இறங்காமல். இதுதான் ஏற்பாடு. கடிதம் கொண்டு வந்த அன்றே வளையிலிருந்து சைக்கிளை இறக்கி, எண்ணெய் விட்டு, செயினை மூன்று தரம் சுழற்றிப் பார்த்துவிட்டு, ஹமீட் கடைக்குப் போயிருந்தார்.

முதல் நாள் யோகராசா நல்ல வேகத்தில் வந்தான். உலக்கையைக் கண்டதும் இறங்கினான். இடது கையால் உருட்டினான். வலது கை தன்பாட்டில் இடுப்புக்குப் போய் அட்டையைத் தேடியது.

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "ஐசி இருக்காடா?" என்றாள் அவள். அவன் வெடித்துச் சிரித்தான். ஒரு மாதமாகக் கேளாத சிரிப்பு. இருவரும் மதகில் குந்தியிருந்து கண்ணில் தண்ணீர் வரும் மட்டும் சிரித்தார்கள்.

வயலுக்குள் குனிந்து நின்ற ஆச்சிப்பிள்ளை நிமிர்ந்தாள். "அடியே பூரணி, எப்பகா ஆமியில சேந்தாய்? சம்பளம் என்ன மாதிரி?"

"உலக்கை அவங்கட, சேலை என்ட."

"அப்ப எங்களையும் செக் பண்ணுகா. மடியில கொஞ்சம் பாக்குத்தான் இருக்கு." களைக்காரப் பெண்கள் முழுப்பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தேத்தண்ணிக் கடைச் சிரிப்புப் போல இருக்கவில்லை. யோகராசா அதற்குக் கூச்சப்படவில்லை.

பின்னேரம் நான்கு மணிக்குத் தொடங்கி, வெளிச்சம் மங்குகிற மட்டும் ஒவ்வொரு நாளும் நடந்தது. இரண்டாம் நாளும் இறங்கினான். மூன்றாம் நாள் மழை. நான்காம் நாள் ஒரு கால் தரையில் பட்டு மறு கால் மிதியில் நின்றது. ஐந்தாம் நாள் பிறேக்கைப் பிடித்து, ஆடி, வாய்க்காலுக்குள் விழுந்து நெல்லும் சேறுமாக எழும்பினான். அன்று வீட்டுக்குப் போய் இரண்டு கோப்பை சோறு தின்றான். அன்னப்பூரணி கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

எட்டாம் நாள் அவன் வந்த வேகம் வேறாக இருந்தது. எழும்பி நின்று மிதித்துக்கொண்டு, தலையைக் கீழே போட்டு வந்தான். பிறேக்கில் விரல் இல்லை. கால் சுழன்றுகொண்டே இருந்தது. இன்றைக்குப் போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. இருபது யார், பத்து யார்.

"இறங்குடா!"

அவளுடைய சொந்தச் சத்தம்தான். வயல் முழுக்கக் கேட்டது. யோகராசா ஹாண்டிலைத் திருப்பி, சறுக்கி, கிறவலில் உரசிக்கொண்டு வந்து அவளுடைய காலடியில் நின்றான். முழங்கை கிழிந்து இரத்தம் வந்தது.

"அக்கே" என்றான் மூச்சு வாங்க. "நான் இறங்கல்ல. நீதான் இறக்கினாய்."

அவள் உலக்கையைக் கீழே போட்டுவிட்டு, தலைப்பைக் கிழித்து அவனுடைய முழங்கையில் கட்டினாள்.

அடுத்த நாள் காலையில் அவள் வாவிக் கரைக்குப் போய், நல்லரத்தினம் வலை உதறுகிற இடத்தில் நின்றாள். "எனக்கு இனி ஏலா. ஆச்சிப்பிள்ளைய நிக்கச் சொல்லப் போறன்."

"அவள் நிண்டா அவன் சிரிச்சுக்கொண்டு போயிருவான். அவளுக்கா அவன் இறங்கினவன்?" நல்லரத்தினம் வலையில் சிக்கின கெளிறு ஒன்றை முள் குத்தாமல் பிடுங்கிப் போட்டான். "ஒரு மாசமா அவன்ட காலுக்கு மருந்து தேடுறாய். உன்ட தொண்டைக்கு ஆரு தேடுறது?"

"என்ட தொண்டைக்கு என்ன?"

"விடியச் சைக்கிள் கேற்றால போனா, பின்னேரம் வாற மட்டும் நீ எச்சில் விழுங்கிறல்ல. ஆறு வருஷமா பாக்கிறன். நான் வலைக்குப் போனா ஒரு நாளாவது அப்பிடி இருந்திருக்கியா?" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "கோபத்துக்குச் சொல்லல்ல. அவன் ஓடிக் களைக்கிறான். நீ நிண்டு களைக்கிறாய்."

*

அன்று பின்னேரம் வானம் வெளித்திருந்தது. வாவிப் பக்கமிருந்து வாடைக் காற்று பயிரை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. அன்னப்பூரணி மதகடியில் உலக்கையோடு நின்றாள். சேலைத் தலைப்பை உருட்டி வாய்க்குள் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டாள். ஆச்சிப்பிள்ளை வயலிலிருந்து ஏறி வந்து பக்கத்தில் நின்று, கேளாமலே அவளுடைய இடது கையைப் பிடித்தாள். களைப் பச்சை மணக்கிற, ஈரமான கை.

யோகராசா தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தான். பிறகு தலை தெரிந்தது, பிறகு முழங்கையில் கட்டின சேலைத் துண்டு. கிறவல் நொறுங்குகிற சத்தம் கேட்டது. அன்னப்பூரணியின் தொண்டைக்குள் அந்தச் சொல் வந்து முட்டியது. அவள் துணியைக் கடித்தாள். ஆச்சிப்பிள்ளையின் விரல்களை நெரித்தாள். "மெதுவாகா, ஒடிக்காத" என்றாள் ஆச்சிப்பிள்ளை.

அவன் கடந்தான். காற்று முகத்தில் அடித்தது. வேர்வை மணம், எண்ணெய் மணம். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

ஐம்பது யாரில் திரும்ப வேண்டியவன் திரும்பவில்லை. நூறு யார் தாண்டினான். அதே வேகம். கிறவல் பாதை நேரே துறையடிச் சென்றிக்குப் போகிறது. அங்கே பீப்பாய் இருக்கிறது, பலகை இருக்கிறது, உண்மையான ஆள் நிற்கிறான்.

அன்னப்பூரணி வாயிலிருந்து துணியைப் பிடுங்கினாள். கத்தலாம். கத்தினாலும் இந்தக் காற்றில் அரை மைல் போகாது. அவள் பழக்கின காலை அவளே அழித்துவிட்டாள். அவளிடம் இனி ஒன்றுமில்லை. உலக்கை கையிலிருந்து நழுவி மதகில் விழுந்தது. அப்படியே குந்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். எதையும் மூன்று தரம் பார்க்கிறவள், ஒரு தரமும் பார்க்க மாட்டாமல் காதை மட்டும் வைத்துக்கொண்டிருந்தாள். பயிர் சரசரத்தது. கொக்கு ஒன்று கத்தியது. வேறு சத்தம் இல்லை.

பிறகு கண்ணைத் திறந்தாள்.

மிகத் தூரத்தில், பலகைக்கு வெகு முன்னாலேயே, அவன் மிதிப்பதை விட்டிருந்தான். சைக்கிள் தன்பாட்டில் உருண்டு உருண்டு வேகம் குறைந்தது. நின்றது. ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவன் திரும்பி, மதகுப் பக்கம் பார்த்துக் கையை உயர்த்தினான். பிறகு, அவசரமில்லாமல், வலது காலைத் தூக்கிச் சீற்றுக்கு மேலால் எடுத்து இறங்கினான். இடது கையால் உருட்டினான். பீப்பாய்களுக்கு நடுவே சின்ன உருவமாக நடந்தான்.

அடுத்த வயலில் நின்ற பெண்களுக்கு அவ்வளவு தூரம் தெரியவில்லை. ஒருத்தி சேற்றுக்குள் நின்றபடியே கையைக் கண்ணுக்கு மறைப்பாகப் பிடித்துக் கேட்டாள்: "என்னகா பூரணி, கடைசியா அவன் இறங்கினானா, இறங்கல்லியா?"

அன்னப்பூரணி மதகைப் பிடித்து எழும்பினாள்.

"ரெண்டுந்தான்கா" என்றாள்.